செய்கூலி குறித்து ஜெனீவாவிலிருந்து ஒரு விளக்கம்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வசிக்கும் பெரியப்பா அவர்களின் சமூகத்துக்கு, ஜெனீவாவிலுள்ள தம்பி மகன் எழுதுவது.

நாலு காசு மிச்சம் பிடிக்கப் போனவன் கைக்கடிகாரங்களைப் பார்த்து வாய் பிளப்பது முறையா என்று பெரியப்பா அவர்கள் கேட்டிருந்தமையால், அதற்குரிய விளக்கம் இங்கே தரப்படுகிறது. அவருடைய வாதம் வலுவானதே. தினமும் சாவி கொடுக்கப்படும் அவரது எச்.எம்.டி. ஜனதா நேரம் காட்டுகிறது. ஓசூர் டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரமோ, நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துணையால், இன்னும் சரியாகக் காட்டுகிறது. சுவிட்சர்லாந்தில் 'குரோனோமீட்டர்' என்று, அதாவது சோதித்துச் சான்று தரப்பட்ட துல்லியக் கடிகாரம் என்று, பெருமையோடு அழைக்கப்படும் இயந்திரக் கடிகாரத்துக்கே நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு என்பதை நோக்கினால், பணம் கொடுக்கப்படுவது நேரத்துக்கு அன்று என்பது விளங்கும். (ராகுகாலம் பார்த்துப் படியிறங்கும் குடும்பத்துக்கு அந்த 6 நொடியும் கவலை தரலாம்.)

தி.நகர் உஸ்மான் சாலை நகைக்கடையில் பெரியம்மா அவர்கள் கறாராகப் பேசிக் குறைக்கும் செய்கூலி எதுவோ, அதற்கே இங்குப் பெரும்பங்கு விலை போகிறது. எத்தனை பவுன் என்னும் கேள்விக்கு எஃகுக் கடிகாரத்திடம் விடையே இல்லை. 1755இல் தொடங்கிய வஷரோன் கான்ஸ்டன்டின் நிறுவனத்தின் கடிகாரமொன்றைத் திருப்பி, பின்புறக் கண்ணாடி வழியே லென்ஸ் வைத்து நோக்கினால், சக்கரங்களைத் தாங்கும் 'பிரிட்ஜ்' எனப்படும் சிறு தகடுகளின் விளிம்புகள் சாய்வாகச் சீவப்பட்டு மெருகேறியிருப்பது தெரியும். 'ஆங்லாஜ்' எனப்படும் இவ்வேலையில், இரு விளிம்புகள் உள்நோக்கிக் கூடும் மூலைதான் கைத்திறனுக்குச் சோதனை. சுழலும் கருவி அங்கே கூர்மையை மழுக்கிவிடுமாதலால், கையால் அராவி, ஜென்ஷியன் என்னும் மலைச்செடியின் காய்ந்த தண்டில் மெருகுப்பசை தடவித் தேய்க்கிறார்கள். 1886இல் ஜெனீவா மாநிலம் சட்டத்தால் ஏற்படுத்திய 'ஜெனீவா முத்திரை' என்னும் கடிகாரத் தரச்சான்று, அணிபவர் கண்ணுக்கு ஒருபோதும் படாத பாகங்களுக்கும் இத்தகைய மெருகை வற்புறுத்துகிறது.

யார் பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் சிரித்த தம்பி மகன், இப்போது பட்டேக் பிலிப் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளைவிட்டு, மூடும் நேரமாயிற்று என்று காவலர் வந்து சொல்லும்வரை அசைவதில்லை. வாங்கும் எண்ணம் உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே பதில். விலையை மட்டும் இக்கடிதத்தில் குறிக்காததற்குக் காரணம், வெளிநாட்டுக் கடிதங்களைப் பெரியம்மா அவர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கும் வழக்கம் அவ்வீட்டில் இன்னும் இருப்பதே.