கரை காத்த வள்ளல்கள்

மட்டக்களப்பில் காற்று வாங்கக்கூட ஓர் இடமில்லை என்று முறையிடுகிறவர்களுக்கு நன்றியுணர்வு கிடையாது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. பரப்பைக் கேட்டால் 140 சதுரக் கிலோமீற்றர் சொச்சம். கிழக்கே எழுவான்கரையில் இருப்பவனுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊரார் ஆறு என்று சொல்லும் இந்த வாவி. மேற்கே படுவான்கரைக்காரனுக்கோ ஊர் விட்டு ஊர் போக எத்தனையோ காலம் இதுதான் வழி. இவ்வளவு தண்ணீரையும் சனம் ஒரேயடியாகப் பார்த்தால் என்ன ஆகும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அறிந்த பெரியவர்கள் நம்மை ஆள்கிறார்கள். ஆகவே வாவிக்கரை வீதியில் கொஞ்சம், காந்திப் பூங்காவில் கொஞ்சம், கல்லடிப் பாலத்தில் கொஞ்சம் என்று மருந்து போல் அளந்து காட்டுகிறார்கள். மிச்சக் கரைக்கு மதிலும் கம்பியும் கட்டட இடிபாடும் போட்டுக் கண்ணேறு படாமல் காக்கிறார்கள்.

இந்தக் கரையைக் காக்க ஒரு காவலாளி போதாது என்று அரசு கண்டுகொண்டது பெரிய ஞானம். நிலம் பிரதேச செயலாளருடையது. அதில் நிற்கும் கண்டல் மரம் வன பரிபாலனத் திணைக்களத்துடையது. மரத்தின் காலடிச் சேறு கரையோரம் பேணல் திணைக்களத்துடையது. சேற்றில் நெளிகிற இறால் கடற்றொழில் திணைக்களத்துக்கு. இறாலைத் தேடி வரும் முதலை வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு. அங்கே கொட்டிய குப்பை மாநகர சபைக்கு, குப்பையின் நாற்றம் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு. இத்தனையையும் ஒரு படத்தில் வரைந்து நிறம் தீட்டுவது நகர அபிவிருத்தி அதிகார சபை. ஒருவருடைய எல்லைக்குள் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. கரையில் மண் கொட்டுகிறார்கள் என்று ஒருவர் முறைப்பாடு எழுதினால் அந்தக் கடிதத்துக்கு எத்தனை உபசாரம்! ஒவ்வொரு கந்தோரிலும் முத்திரை வாங்கி, அடுத்த கந்தோருக்கு வழியனுப்பி வைக்கப்படுகிறது. மண் கொட்டுகிற டிப்பர்காரர் மட்டுந்தான் நாகரிகம் தெரியாமல் இத்தனை திணைக்களங்களின் எல்லைகளையும் ஒரே இரவில் ஒன்றிணைத்துவிடுகிறார்.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்களை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. 1964 இல் அவர்களுடைய காங்கிரஸ் நிலத்தையும் நீரையும் பேணுவதற்கென்று ஒரு நிதியத்தை உண்டாக்கிவிட்டது. கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் தோண்டுகிற கம்பனிகள் அரசுக்குக் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஆண்டுக்கு 90 கோடி டொலர் என்ற கணக்கை 2020 இல் நிரந்தரமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். அதில் பங்கு கேட்கிற மாநிலம், திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கு மாநிலம் முழுவதுக்குமான ஒரு திட்டம் தீட்ட வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். தீட்டுவதற்கு முன், எங்கே நடக்கிறீர்கள், எங்கே தூண்டில் போடுகிறீர்கள், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று சனத்திடம் போய்க் கேட்க வேண்டுமாம். அதிகாரியாகப் பிறந்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

அதைவிடக் கொடிய பிரிவு ஒன்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அந்த நிதியத்தின் பணம் பட்ட காணி, பிறகு என்றைக்கும் பொதுமக்களின் திறந்தவெளிதான். நகரசபைக்கு அந்த இடத்தில் கடைத்தொகுதி கட்ட ஆசை வந்தால் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும், அதே பெறுமதியும் அதே பயனும் உள்ள இன்னொரு காணியைத் தேடிப் பொதுமக்களுக்கு ஈடு கொடுத்த பின்தான் கல் வைக்கலாம். என்ன அடிமைத்தனம்! நம்முடைய அதிகாரிகளுக்கு இந்த விலங்கு கிடையாது. இங்கே பொதுக்காணி பொதுக்காணியாகவே இருக்கும், அது யாருக்காவது தேவைப்படும் வரை. தேவைப்பட்ட பிறகு, ஈடாக எந்தக் காணியைத் தந்தீர்கள் என்று கேட்க ஒரு சட்டமும் இல்லை. கேட்கிற ஆளும் இல்லை.

அதற்காக நமக்குச் சட்டமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சட்டத்தில் நாம் செல்வந்தர்கள். 1947 இல் அரச காணிக் கட்டளைச் சட்டம் வந்தது. 1981 இல் கரையோரம் பேணல் சட்டம். 2011 இல் அதைத் திருத்தி, கடலோடு தொடுத்த நீர்நிலைகளைச் சுற்றி 100 மீற்றர் நிலத்தையும் கரையோர வலயத்துக்குள் சேர்த்தார்கள். அதாவது கல்லாற்றிலிருந்து ஏறாவூர் வரை ஆற்றங்கரை முழுவதும் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. கரையோர முகாமைத்துவத் திட்டங்கள் 1990 இலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வடக்கு கிழக்குக் கரையோரத்துக்கு ஒரு பெருந்திட்டம் நடந்து, வாவியின் மீனையும் மரத்தையும் உப்பையும் எண்ணி அறிக்கைகளும் எழுதப்பட்டன. எல்லாம் புத்தம் புதிதாக, மடிப்புக் கலையாமல் அலுமாரியில் இருக்கின்றன. ஒளவை போய்ப் பார்த்த தொண்டைமானின் வேல்களுக்குக்கூட இத்தனை பளபளப்பு இருந்திராது.

விதிகளின் நுட்பத்தைப் பாருங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிப்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு பிரித்து விற்கிறவர், வீதிகள் போக மிஞ்சியதில் 10 சதவீதத்தைச் சமூகத் தேவைக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும். இந்த ஒரு விதியால் காணி விற்பவர்களின் கணித அறிவு எவ்வளவு வளர்ந்திருக்கிறது! ஒரு ஹெக்டேயருக்கு ஒரு முழம் குறைவாக ஒரு துண்டு, அடுத்த வருடம் மனைவி பெயரில் பக்கத்துத் துண்டு. தப்பித் தவறி 10 சதவீதம் விட நேர்ந்தால் அது எங்கே விழும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் மூலையில் விழும். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக வசதி.

2004 டிசம்பர் 26 பற்றி இந்த நடையில் எழுத எனக்கு மனமில்லை. நாவலடி மணல்திட்டில் ஒரு பக்கக் கடல் மறுபக்க ஆற்றோடு சேர்ந்த காலை அது. அதற்குப் பின் வந்த திட்டமிடலை மட்டும் புகழ்கிறேன். கிழக்கில் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் கரையில் கட்டடம் ஆகாது என்றார்கள். அலை ஆளைப் பார்த்து அடிப்பதில்லை என்று நினைத்திருந்தோம். குடிசைக்கு ஆகாத கரை, கொஞ்சம் மட்டும் சேதமான உல்லாச விடுதிக்கு ஆகும் என்று விளக்கிச் சொன்னது அந்த விதிதான். ஓராண்டு முடிவதற்குள் அதுவும் தளர்ந்தது. நாவலடியிலிருந்து பலரைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். தாழ்ந்த நிலம், மழை வந்தால் வெள்ளம். கடல் தொடாத இடத்திலும் தண்ணீரைப் பிரிந்து வாடாதபடி பார்த்துக்கொண்ட கருணை வேறெங்கே கிடைக்கும்? சனம் எழும்பிப் போன கரை மட்டும், பூங்காவாகவோ காடாகவோ யாருக்கும் முறையாக எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைத்தால் பிறகு அழிக்க வேண்டி வருமே.

போர் முடிந்த பின் பாசிக்குடாவில் நடந்த பங்கீட்டை நான் எப்போதும் மெச்சுவேன். பிறைபோல் வளைந்த குடா, இடுப்பளவு தண்ணீரில் எவ்வளவு தூரமும் நடக்கலாம். சுற்றுலா அதிகாரசபை அந்தக் கரையோரக் காணியை அளந்து விடுதிகளுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தது. உள்ளூர்ச் சனத்தை மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் நாக்கு அழுகும். அவர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. விடுமுறை நாளில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற குடும்பங்கள், தோளோடு தோள் இடித்து, சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அங்கே குளிக்கின்றன. தேசிய ஐக்கியத்துக்கு இவ்வளவு நெருக்கமான ஏற்பாடு வேறில்லை.

கண்டல் கதை இன்னும் இனிது. 2015 இல் இலங்கை தன் கண்டல் காடுகள் எல்லாவற்றையும் பாதுகாக்கும் முதல் நாடு என்று உலகம் கைதட்டியது. நடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. சுனாமிக்குப் பின் நாடெங்கும் நட்டவற்றை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017 இல் எழுதினார்கள்: நடுகைக்கென்று எடுத்த 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் 200 முதல் 220 ஹெக்டேயர்தான் தேறியிருக்கிறது, பார்த்த 23 இடங்களில் 9 இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. இதைத் தோல்வி என்று சொல்வது விஷயம் தெரியாத பேச்சு. எல்லாம் உயிர் பிழைத்திருந்தால் அடுத்த சுற்றாடல் தினத்துக்கு அதிதிகள் எங்கே நடுவார்கள்? நின்ற கண்டலை ஒரு பக்கம் வெட்ட விட்டு, அது வளராத இடத்தில் மறுபக்கம் நடுகிறபடியால், தொப்பி போட்டுப் படம் எடுக்கும் கலை இந்த மாவட்டத்தில் அழியாமல் இருக்கிறது.

மாரி வந்தால் இந்தத் திட்டமிடலின் முழு அழகும் தெரியும். தண்ணீர் போய்த் தங்கிய பள்ளக்காணிகளையும் ஆற்றோரத்தையும் நிரப்பியாயிற்று. தண்ணீருக்குத் திட்டம் வாசிக்கத் தெரியாது, வீட்டுக்குள் வந்து நிற்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே முகத்துவாரத்தை வெட்டு என்று வயற்காரர் ஒரு பக்கம், இப்போது வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று தோணிக்காரர் மறுபக்கம். நடுவில் பெக்கோ இயந்திரம். வருடம் முழுவதும் ஒன்றுகூடாத திணைக்களங்கள் எல்லாம் கச்சேரியில் ஒரே மேசையில் அமர்கிற புனித நாள் அது. தேநீர் ஆறுவதற்குள் முடிவு கிடைக்கும். இதே மேசையைப் பங்குனியிலும் போட்டால் என்ன என்று நினைப்பவர்களுக்கு நிருவாகம் தெரியாது.

சிலர் மாகாணம் முழுவதுக்கும் ஒரு திட்டம் கேட்கிறார்கள். எந்தக் கரை சனத்துக்கு, எந்தக் கரை பறவைக்கு, எதைத் தொடவே கூடாது என்று ஒரே படத்தில் எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் பதிவேட்டில் ஒரு வரி வேண்டுமாம். கேட்பதற்கு மாகாண சபை வேண்டாமா? கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது, பிறகு தேர்தல் வைக்கிற அவசரம் ஒருவருக்கும் இல்லை. அரச காணியை எப்படிப் பயன்படுத்துவது என்று கொள்கை வகுக்க 1987 இன் 13 ஆவது திருத்தம் தேசிய காணி ஆணைக்குழு ஒன்றைச் சொல்லியிருக்கிறது. அதற்கு இன்னும் ஓர் உறுப்பினர்கூட நியமிக்கப்படவில்லை. ஆகவே இலங்கையில் ஒரு தடவையும் ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளாகாத ஒரே ஆணைக்குழு அதுதான்.

நாவற்குடாப் பக்கம் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெரியவருக்கு இதெல்லாம் விளங்கவில்லை.

“இந்தக் கர ஆர்ர மனே?” என்று கேட்டார்.

“எல்லார்ரயும்தான் மாமா. 100 மீற்றர் சட்டத்தில இரிக்கி.”

“அப்ப இந்தக் கம்பி?”

“அது ஒராள்ர.”

“எல்லார்ர காணிக்குள்ள ஒராள்ர கம்பி எப்பிடி மனே வந்த?”

“அது திட்டத்தில இல்ல மாமா. அதாலதான் கெதியா வந்திரிச்சு.”

அவர் சிரிக்கவில்லை. வலையை எங்கே இறக்கலாம் என்று கம்பியோரமாகவே நடந்து போனார். கரையோர நடைபாதை அமைத்தாகிவிட்டது என்று அடுத்த அறிக்கையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம், செலவு ஒரு சதமும் இல்லை.

ஆகவே அதிகாரிகளுக்கு மனமார ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மண்டபம் தேவையில்லை. இத்தனை திணைக்களங்களின் பெயரையும் சட்டங்களின் ஆண்டுகளையும் ஒரே வரிசையில் எழுதி மாட்ட, அந்தக் கம்பிவேலி போதிய நீளம் இருக்கிறது. விழாவன்று படலைத் திறக்க யாரிடம் சாவி கேட்க வேண்டும் என்பதை மட்டும் எந்தத் திணைக்களமாவது முன்கூட்டி அறிவித்தால் வசதி.