சேனல் சித்தப்பா

செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே போனைக் கையில் எடுத்துவிடுவார். "எப்படி இருக்க?" என்ற கேள்வி நமக்கல்ல, டிவிக்கு மேலே ஆணியில் தொங்கும் வைஃபை பெட்டிக்கு. அதன் விளக்குகளை நாடி பிடிப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இதை எவன்டா இப்படி மாட்டினது?" என்பார். போன ஞாயிற்றுக்கிழமை அவர்தான் மாட்டினார்.

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. சில வீடுகளில் இவர் மச்சான், சில வீடுகளில் புது மாப்பிள்ளை. இங்கே சித்தப்பா என்று வைத்துக்கொள்வோம், ஒரு வசதிக்காக. பழுப்பு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, சட்டைப் பையில் ரீசெட் ஓட்டையைக் குத்த ஓர் ஊக்கு. இவையும் வசதிக்காகத்தான்.

வைஃபைக்கு வரும் நோய்களில் இவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சேனல் நெரிசல். படம் பாதியில் சுற்றினால் சேனல் நெரிசல். கேபிள் ஆபீசில் சர்வர் படுத்துக்கொண்டாலும் சேனல் நெரிசல். வீட்டுக்கு வரும் ஒயரை எலி கடித்துத் துண்டாக்கிய அன்றும், துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இருந்தாலும் சேனலை ஒரு தடவை பார்த்துருவோம்" என்றார்.

அதற்கென்று போனில் ஒரு ஆப். அக்கம்பக்கத்து வைஃபை ஒவ்வொன்றையும் அது ஒரு குன்றாக வரைந்து காட்டும். போடியில் எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். ஆப்பைத் திறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையே தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் அவை ஐந்தைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்பவை. ஒரு பெட்டி பேசவோ இருபது வேண்டும். அதனால் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க வழக்கமாக எடுத்துக்கொள்வது 1, 6, 11. ஊரே அந்த மூன்றில்தான் இருக்கும். சித்தப்பா வரைபடத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இந்தா, 3 காலியாக் கெடக்கு. ஒரு பய இல்ல!" என்று குடியேறிவிடுவார். ரெண்டு கல்யாண மண்டபத்துக்கு நடுவே ஒரு வீடு காலியாக இருக்கிறதே, அமைதியாக இருக்கும் என்று வாடகைக்குப் பிடிப்பது மாதிரி. ஒன்றாம் சேனலின் மேளமும் கேட்கும், ஆறாம் சேனலின் நாயனமும் கேட்கும்.

மாற்றியதும் பெட்டி ஒருமுறை அணைந்து எரியும். எரிந்த புதிதில் எந்தப் பெட்டியும் கொஞ்சம் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். அந்தப் பத்து நிமிடப் புகழை அவர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார். பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டு, "பறக்குது பாரு!" என்பார். அவர் டெஸ்ட் போடும்போது மொத்த நெட்டையும் அந்த டெஸ்ட்டே குடித்துவிடுவதால், மச்சில் மதினியின் ஆபீஸ் மீட்டிங் உறைந்து நிற்கும்.

சேனலை அகலமாக்குவது இன்னொரு ஆசை. இருபது மெகாஹெர்ட்ஸை நாற்பதாக்குவதற்கு அவர் சொன்ன விளக்கம்: "நம்ம ரயிலு மீட்டர்கேஜ்ல இருந்து பிராட்கேஜ் ஆச்சுல்ல, அது மாதிரி." அழகான உவமைதான். ஆனால் 2010 கடைசியில் நின்ற ரயில் போடிக்குத் திரும்பி வந்தது 2023 ஜூனில். எங்கள் நெட்டும் ஏறக்குறைய அந்த அட்டவணையில்தான் ஓடியது.

இதெல்லாம் ஊருக்குள். கூத்து மலை மேலே.

பூப்பாறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனதிலிருந்து, அன்றைய விலை தெரியாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. அதற்காகவே தோட்ட வீட்டுக்கும் நெட் இழுத்தோம். அங்கே சுற்றி எங்கு பார்த்தாலும் ஏலச்செடி, மேலே நிழல் மரம். அடுத்த வீட்டுக்கு ஓடையைத் தாண்டி, சரிவேறிப் போகவேண்டும். சித்தப்பாவின் ஆப்பில் ஒரே ஒரு குன்று தெரியும், அது எங்களுடையது. அதையும் அவர் சந்தேகத்தோடு பார்த்து, "நெரிசல் இருக்கு. ஆப்புக்குத் தெரியல" என்றார். அன்று மட்டும் 1-லிருந்து 11-க்கும், 11-லிருந்து 6-க்கும், சாயங்காலம் தன் செல்ல 3-க்கும் மாறினார். ஆளில்லாத காட்டில் பஸ்ஸுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அப்பத்தாவுக்கு விளக்கமும் சொன்னார். "இந்தா பாரும்மா, சிக்னலு இப்ப மைனஸ் எழுபது. இதை மைனஸ் அம்பதாக்கணும்."

"மைனஸுன்னா நட்டம்தானேடா?"

"இது அந்த மைனஸ் இல்லம்மா."

"எந்த மைனஸா இருந்தா என்ன. எழுபது நட்டத்துக்கு அம்பது நட்டம் பரவால்ல. செய்யி."

சிக்னல் போகாததற்கு அவர் கண்டுபிடித்த அடுத்த குற்றவாளி மூடுபனி. பாவம் மூடுபனி, இந்த அலைவரிசையை அது ஒன்றும் செய்வதில்லை. தடுப்பது நனைந்த இலை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டு நிற்கும் ஏலச்செடி வரிசை வைஃபையைக் குடித்துவிடும். அதைத் தாண்டிப் போனாலும் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குத் தகரக் கூரை, உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டு. அலை உள்ளே நுழைய என்ன வேண்டுதலா? ஒயர் இழுத்துக்கொண்டு போய் ஸ்டோரிலேயே ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் வழி. வைத்தார், ஒரு பழைய ரூட்டரை. அப்படி வைத்தால் அதன் விலாசத்தை மாற்ற வேண்டும், விலாசம் பங்கிடும் வேலையை நிறுத்த வேண்டும். இவர் சேனலை மட்டும் மாற்றினார். ரெண்டு பெட்டியும் 192.168.1.1 என்றே சொல்லிக்கொண்டு, ஒரே பந்திக்கு ரெண்டு பேர் தனித்தனியே டோக்கன் கொடுப்பதுபோல் எல்லாப் போன்களுக்கும் விலாசம் கொடுத்தன. ரெண்டு போனுக்கு ஒரே இலை.

பெயர் சூட்டு விழாவையும் சொல்லிவிடுகிறேன். வைஃபைக்குத் தமிழில்தான் பெயர் என்றார், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெயருக்கு 32 பைட் இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்துக்கு மூன்று, அதன் தலையில் ஏறும் புள்ளிக்குத் தனியாக மூன்று, கொம்புக்கும் காலுக்கும் அப்படியே. 'போடிநாயக்கனூர்' என்று எழுத 42 பைட் வேண்டும். ஊர் உள்ளேயே போகாது. 'ஏலத்தோட்டம்' என்று போட்டார். 33. ஒரே ஒரு பைட்டில் கதவடைத்தது. கடைசிப் புள்ளியைப் பிடுங்கிவிட்டு 'ஏலத்தோட்டம' என்று வைத்தார். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியர் சொல்லி வைத்தது இந்தப் பெட்டிக்குத் தெரியாது.

சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு இதைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு தடவை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு இவர் காபி குடிக்கப் போய்விடுவார். வீட்டில் போன் ஏழு, டிவி ஒன்று, கேமரா ரெண்டு, பிரிண்டர் ஒன்று. பதினொன்றிலும் புதுப் பாஸ்வேர்டைப் போடுவது நான். ஸ்டோர் கேமராவுக்கு ஏணி வைத்து ஏறவேண்டும். அப்பத்தாவின் போனுக்கு அப்பத்தாவைச் சமாதானப்படுத்தவேண்டும். அந்தப் புதுப் பாஸ்வேர்டையும் அவர் எழுதி வைத்ததில்லை. மறந்துவிடும். மறந்தால் ஊக்கு. ஊக்கால் குத்தினால் கேபிள்காரர் போட்டுக்கொடுத்த யூசர்நேம் உட்பட எல்லாம் அழிந்து பெட்டி பிறந்த குழந்தையாகிவிடும்.

அப்படி ஓர் ஊக்கு விழுந்தது, எங்கள் காய் ஏலத்துக்குப் போன அன்று. 2021-லிருந்து போடியிலும் புத்தடியிலும் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே நேரத்தில் விலை ஏற்றுகிறார்கள். ஒரு லாட்டுக்கு என்ன விழுந்தது என்று மறுநிமிடம் வாட்ஸப்பில் வந்துவிடும். ரெண்டு மாநிலத்தை ஸ்பைசஸ் போர்டு ஒரே ஏலத்தில் கோத்துவிட்டது. வீட்டையும் ஸ்டோரையும் கோக்க எங்களால் முடியவில்லை. எங்கள் லாட் விலை எங்களுக்குத் தெரிந்தது பொழுது சாய்ந்து, அடிவாரத்து முந்தலில் இருந்து மேலே வந்த ஜீப் டிரைவர் சொல்லித்தான். நெட் இருந்திருந்தாலும் அதே விலைதான் விழுந்திருக்கும். இருந்தாலும் அன்று அவரோடு நான் பேசவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. போன ஐப்பசியில் இடி விழுந்து பெட்டி கருகியபோது, கொட்டுகிற மழையில் வேறொரு பெட்டியை ஏலக்காய்ச் சாக்குக்குள் போடும் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளெல்லாம் ஏறி ராத்திரியில் வந்து சேர்ந்தவர் இவர்தான். அப்பத்தா கோயம்புத்தூரில் இருக்கும் கொள்ளுப்பேரன் முகத்தைப் பார்க்காமல் தூங்காது என்பது அவருக்குத் தெரியும். பிள்ளை பேசி முடிக்கிறவரை ஆணி இல்லாத சுவரில் பெட்டியைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அன்று சேனலைத் தொடவில்லை. கை காலியாக இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

கடைசியில் நான் ஒரு துரோகம் செய்தேன். வீட்டுப் பெட்டியை 1-ல் நிறுத்தி, 'வீடு' என்று பெயர் வைத்து, ஸ்டோர் கேமராக்களுக்கு அதிலிருந்தே ஒயர் இழுத்து, உள்ளே நுழையும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். மூன்று வாரம் நெட் நின்ற பாட்டைக் காணோம். சித்தப்பா வருவார், திண்ணையில் உட்காருவார், குல்லாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். "ஏன்டா அவன் வெறுங்கையா உக்காந்திருக்கான்?" என்று அப்பத்தா என்னைத்தான் கேட்டது. மனசு கேட்கவில்லை. ஸ்டோரிலிருந்து கழற்றிய பழைய பெட்டியைத் திரும்ப அங்கேயே கரண்டில் செருகி, "மெயின் இதுதான் சித்தப்பா, நீங்களே பாத்துக்கங்க" என்றேன். அதில் எந்த ஒயரும் இல்லை, எந்தப் போனும் இல்லை. அவருடைய போன் மட்டும் சேரும். நெட் இல்லையென்று தெரிந்ததும் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஸ்டோர் வாசலில் டவர் ஒரு கோடு கிடைக்கிறது. அதில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்து, அவர் முகத்தில் பழைய வெளிச்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரிலிருந்து ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. ஆப்பைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். 1-ல் 'வீடு' ஒரு குன்று. 3-ல் 'ஏலத்தோட்டம' இன்னொரு குன்று. ஒன்றின் சரிவில் மற்றது பாதி ஏறி நின்றது.

"பாத்தியா? அப்பவே சொன்னேன்ல, மலையிலயும் நெரிசல்னு! யாருடா இந்த வீடு? அவனை ஒரு வழி பண்ணணும்."