மாமா இரட்டை இலை, அப்பா உதயசூரியன்

1984 தேர்தல் சமயம். எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தார். வாலாஜாபாத் டீக்கடையில் அவருக்காக உயிரை விடுகிறவர்களும், கலைஞரைக் கும்பிடுகிறவர்களும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். என் அப்பா உதயசூரியன். அடுத்த தெரு மாமா இரட்டை இலை. காலையில் வாய்ச்சண்டை எவ்வளவு தடித்தாலும் சாயந்திரம் மாமாவின் பம்புசெட்டிலிருந்து எங்கள் கழனிக்குத் தண்ணீர் வந்துவிடும்.

அத்தனை சண்டையிலும் அடுத்தவர் மனசில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. மாமா சத்துணவைப் பெருமையாகச் சொன்னால், "காமராஜர் போட்ட விதைய்யா அது" என்று அப்பா வெட்டுவார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு போட வேண்டுமா என்று மட்டும் இருவருமே கேட்டதில்லை. 1956இல் மதிய உணவு, 1982இல் சத்துணவு, பிறகு கலைஞரின் முட்டை, 2022இல் ஸ்டாலினின் காலை உணவு. கோட்டையில் ஆள் மாறினாலும் பிள்ளைகளின் தட்டை யாரும் பிடுங்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இதுதான்.

இன்று அந்த பெஞ்சில் ஆளுக்கொரு செல்போன். மாமாவின் மகனும் நானும் அரசியல் பேசுவதையே விட்டிருந்தோம். "அவங்க வேற மாதிரி ஆளுங்க" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலும் அதையேதான் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 2019இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. எதிர்க்கட்சிக்காரர்களில் தீவிரக் கருத்துள்ளவர்கள் உண்மையில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதாக அங்கே இரு கட்சியினருமே நினைத்துக்கொண்டிருந்தார்களாம். படித்ததும் எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது.

போன பொங்கலுக்கு மாமா மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். நீட் தேர்வு? "வேணாம் மச்சான், நம்ம புள்ளைங்க எங்க போவும்?" 2017இல் அ.தி.மு.க. ஆட்சியிலும் 2021இல் தி.மு.க. ஆட்சியிலும் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் சொன்னதும் அதைத்தான். ரேஷன் அரிசி? வேண்டும். 69 சதவீத இட ஒதுக்கீடு? தொடக்கூடாது. பாலாற்று மணல்? அள்ளியது போதும். எனக்கும் இதே பதில்கள்தான்.

நாங்கள் மோதிக்கொண்டது பரந்தூர் விமான நிலைய விஷயத்தில். 2022இல் அறிவிப்பு வந்ததிலிருந்து அதற்கு நிலம் போகும் ஏகனாபுரத்து மக்கள் போராடுகிறார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போடுகிறார்கள். நிலத்தோடு ஏரியும் போகும், அதனால் கூடாது என்பது என் வாதம். திட்டத்தை முன்னெடுத்தது நான் ஓட்டுப் போட்ட அரசு; ஆதரித்துப் பேசுகிறவனோ இரட்டை இலைக்காரன்! "வேலை வரும் மச்சான். என் பையன் ஒரகடத்துல கான்ட்ராக்ட்ல எத்தனை நாளைக்கு ஓடுவான்?" என்றான். அவன் கவலை நியாயமானது. ஆனால் நிலம் போனவன் வீட்டுப் பையனுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டே இன்னொரு டம்ளர் காபிக்கு உள்ளே குரல் கொடுத்தான்.