சூரியனுக்கு விடுமுறை அறிவித்த சபைக்கு

பெறுநர்:
பொது முகாமையாளர் அவர்கள்,
இலங்கை மின்சார சபை,
கொழும்பு 02.

பொருள்: எங்கள் கூரைகளில் வெயில் படுவது தொடர்பாக

மதிப்புக்குரிய ஐயா,

2025 சித்திரையில் சபை விடுத்த வேண்டுகோளை நான் இன்னும் மறக்கவில்லை. ஏப்ரல் 13 முதல் 21 வரை, தினமும் பிற்பகல் 3 மணி வரை, கூரையில் சோலார் பூட்டியவர்கள் அதை நிறுத்திவைத்து உதவ வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சூரியன் மேட ராசிக்குள் நுழைவதுதான் எங்களுக்கு வருடப்பிறப்பு. முற்றத்தில் கோலம் போட்டு, கிழக்கே பார்த்துப் பொங்கி, தலைவாழை இலையில் அவருக்குத்தான் முதற் படையல். படைத்து முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவரை ஓஃப் பண்ணிவிட வேண்டும். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொன்று சொல்லும். எதைப் பார்த்தாலும் விஷு புண்ணியகாலம் சில மணித்தியாலங்களில் கழிந்துவிடும். நீங்கள் கணித்த மூன்றாவது பஞ்சாங்கத்தில் கூரைகளுக்கு ஒன்பது நாள் ஆகாது.

காரணம் இல்லாமலில்லை. பண்டிகைக்குத் தொழிற்சாலைகள் பூட்டு, கந்தோர்கள் பூட்டு, நாடே ஊருக்குப் போய்விட்டது. கரண்டைச் செலவழிக்க ஆளில்லை, மேலேயோ சித்திரை வெயில். நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் சுழலும் பெரிய இயந்திரங்களின் கனம்தான் ஒரு சின்ன அதிர்ச்சி வரும்போது மின்கட்டமைப்பைத் தாங்கிப் பிடிப்பது. சோலார் தகட்டில் சுழல ஒன்றும் இல்லை. அதன் பங்கு கூடக்கூடப் பிடிமானம் குறையும். இதெல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லும்போது யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அதே வருடம் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்குப் பிறகு நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டுவிட்டதென்று அமைச்சர் சொன்னார். கொஞ்சம் பொறுத்து வேறொரு விளக்கமும் வந்தது: ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சோலார் அதிகம், அதனால்தான் கட்டமைப்பு தாக்குப்பிடிக்கவில்லை. ஆக, முதலாம் எதிரி குரங்கு, இரண்டாம் எதிரி சூரியன். இருவருக்கும் பழைய தொடர்பு உண்டு என்பதை விசாரணையாளர்கள் கவனித்தார்களோ தெரியாது. குழந்தையாயிருந்த அனுமான் சூரியனைப் பழமென்று எண்ணிப் பாய்ந்தவர், பிறகு அவரிடமே பாடம் கேட்டவர், இலங்கையில் முன்குற்றப் பதிவும் உள்ளவர். கூட்டுச்சதிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நுரைச்சோலையின் மூன்று நிலக்கரி இயந்திரங்களும் அன்று விழுந்து, எழும்ப நாள் எடுத்தன; 10ஆம் 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணித்தியாலம் வீதம் மின்வெட்டு வந்தது. அவை சாட்சிகளாகக்கூட அழைக்கப்படவில்லை.

அந்த ஞாயிறு நண்பகல் கூரையில் தகடு கொதித்துக்கொண்டிருக்க, அதே கூரையின் கீழ் மின்விசிறி நின்றிருந்தது. பற்றரி இல்லாத இன்வேர்ட்டர், உங்கள் கம்பியில் மின்னழுத்தம் இல்லையென்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் உங்கள் ஊழியரின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது, குறை சொல்லவில்லை. ஆனால் சொந்தமாக மின்நிலையம் வைத்திருக்கும் வீட்டுக்காரர் பனையோலை விசிறியைத் தேடிய காட்சியை உங்கள் விளம்பரப் பதாகைகளில் போடலாம்.

இனி ஊக்குவிப்புக்கு வருகிறேன். 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது பத்து இலட்சம் கூரைகள், 2020க்குள் 200 மெகாவாட், 2025க்குள் 1000 மெகாவாட் என்றீர்கள். முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபாய், அடுத்த பதின்மூன்று வருடம் 15.50 என்று உடன்படிக்கையும் எழுதித் தந்தீர்கள். சனம் வங்கியில் கடன் எடுத்துப் பூட்டியது. 2025 வந்தபோது, மெகாவாட் கணக்கில் கூரைகள் தங்கள் பக்கத்துச் சொல்லைக் காப்பாற்றியிருந்தன. ஒன்பது வருடத்துக்கு முன்பே நாள் குறித்து அழைத்த விருந்தாளி சொன்ன நாளில் படலையில் வந்து நிற்க, ‘ஐயோ, இத்தனை பேரா?’ என்று கேட்கிற வீடாகச் சபை நிற்கிறது.

உங்களுடைய மிகப் பெரிய ஊக்குவிப்பு இதுவல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. அந்த ஓகஸ்ட்டில் கட்டணம் 75 சதவீதம் உயர்வு, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். எந்த மானியமும் எந்தப் பிரசாரமும் இவ்வளவு பேரைக் கூரையில் ஏற்றியிருக்காது. ஏறியவர்களைப் பார்த்து, புதிதாகச் சேரும் சிறு கூரைகளுக்கு 27 ரூபாயாக இருந்த கொள்விலையை 20.90 ஆக்கினீர்கள். தகட்டின் விலை இறங்கிவிட்டது, அதனால் கொள்விலையும் இறங்கலாம்; அந்தக் கணக்கில் பிழை சொல்ல மாட்டேன். பற்றரியில் சேமித்து இரவு உச்ச நேரத்தில் தருபவர்களுக்கு 45.80 என்றதைக் கைதட்டி வரவேற்கிறேன். ஆனால் பற்றரியை வாங்க இன்னொரு கடன் வேண்டும், முதற் கடனே முடியவில்லை. கட்டமைப்புக்குப் பெரிய பற்றரி வைக்கிற வேலைக்கு மட்டும் ஒன்பது வருடம் போதவில்லையா?

எனக்குப் பிடிபடாத ஒன்று உங்கள் கட்டணப் பட்டியலில் இருக்கிறது. நண்பகலில் செலவழிக்க ஆளில்லை என்கிறீர்கள். சாதாரண வீட்டு மீற்றருக்கோ நண்பகல் அலகும் இரவு எட்டு மணி அலகும் ஒரே விலை. விரும்பிக் கேட்டு எடுக்கிற நேரவாரிக் கட்டணத்தில் மலிவான நேரம் எது என்று பார்த்தால், இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை. நடுச்சாமத்தில் தேவை இறங்கிவிடும் என்பதால் என்றோ குறித்த நேரம் அது. நடு இரவில் துணி தோய்க்கச் சலுகை உண்டு. வெயில் பொங்கி வழிந்து, அதை நிறுத்துங்கள் என்று நீங்களே கெஞ்சுகிற பன்னிரண்டு மணிக்குத் தோய்த்தால் ஒரு சதமும் குறையாது.

வருடப்பிறப்புக்கு நிறுத்து என்று கேட்டதற்குப் பதிலாக, அந்த ஒன்பது நாளும் காலை பத்திலிருந்து மூன்று மணி வரை அலகு அரை விலை என்று ஒரு வரி அறிவித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பலகாரச் சூட்டடுப்பு, ஸ்திரிக்கைப் பெட்டி, கிணற்று மோட்டர், தோட்டத்து நீர்ப்பம்பி எல்லாம் அந்த ஐந்து மணித்தியாலத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். வேண்டுகோளுக்கு அடங்காத சனம் விலைக்கு அடங்கும். எங்களை உங்களுக்குத் தெரியாதா? அப்படியும் மிஞ்சினால் கூரையை நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்திய அலகுக்கு விலையைத் தாருங்கள். வங்கி எங்களுக்குச் சித்திரை விடுமுறை தருவதில்லை.

இப்படிக்கு,
தவணை பாக்கியுள்ள ஒரு பாவனையாளன்