வெள்ளவத்தையில் உறைபனி

வெள்ளவத்தை மூன்றாம் மாடிக்காரர் முகாமில் படுக்கும் ஊஞ்சல் வாங்கிவிட்டார். இப்போது அதற்கு அடியில் கட்டும் பஞ்சுப்போர்வையும் தேடுகிறார். நியாயம்தான்: ஸ்லீப்பிங் பாக்கின் பஞ்சு நம் பாரத்தில் நசுங்கிவிடும், முதுகில் சூடு நிற்காது. வெளியே தொங்கும் போர்வை நசுங்காது. ஹோர்ட்டன் சமவெளியில், 2,100 மீட்டர் உயரத்தில், தை மாதத்து விடியலில் உறைபனிகூடப் படியும். அங்கே இந்தப் போர்வை வேண்டும்தான். வெள்ளவத்தையிலோ கரண்ட் போனால் நடுச்சாமத்திலும் வியர்வை. அதுபோக, ஊஞ்சலை எங்கே கட்டுவது? வாடகைவீட்டில் கலண்டர் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் மனுப்போட வேண்டும்; ஆளைத் தாங்கும் கொளுக்கிக்கு அட்வான்ஸையே மறந்துவிடலாம்.

மலைக்குப் போகிறவரே, நீளமான ஊஞ்சலாகப் பார்த்து வாங்கி, கயிற்றைச் சற்றுத் தளர்த்திக் கட்டி, மூலைவாட்டில் படுங்கள், முதுகு வளையாது. காலி வீதியைத் தாண்டாதவருக்குப் பாயும் மின்விசிறியும் போதும்.