பச்சைத்தோல் கோட்பாடும் மென்பொருள் பங்கும்: பேரணாம்பட்டு டீக்கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மென்பொருள் பங்கை எப்போது வாங்குவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்ற வினாவுக்கு மும்பையில் விடை தேடியவர்கள் தோற்றதற்குக் காரணம், அவர்கள் தோல் வாடை அறியாதவர்கள் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். களம்: தோல் பதனிடும் ஊரான பேரணாம்பட்டு. தரவு: டீக்கடைப் பேச்சு. மாதிரி அளவு: பெஞ்சில் இடம் இருந்த வரை.

ஏன் இந்த ஊர்? வட்டி கூடாது என்று வங்கிப் பங்கைத் தொடாத முஸ்லிம் குடும்பங்கள் இங்கு உண்டு. ஷரியா விதியின்படி கடன் மிகுந்த நிறுவனங்களும் கழிந்துபோகும். எஞ்சும் பெரிய பெயர்களில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ் வகையறா முன்னால் நிற்கும். ஆக, எதை வாங்குவது என்பதில் பாதியை மார்க்கமே முடித்துவைத்துவிட்டது. எப்போது என்பதுதான் பாக்கி; அதற்குத் தோலைக் கேட்கவேண்டும்.

உரித்த தோல் சில மணி நேரத்துக்குள் உப்பைக் காணாவிட்டால் அழுகத் தொடங்கும். பக்ரீத்துக்கு மறுநாள் மண்டியில் தோல் குவியும், விலை படுத்துவிடும். வாங்க அதுவே வேளை. உப்பிட்டால் சில மாதம் தாங்கும், பிறகு பதனிட்டே ஆகவேண்டும். கெடு முடிந்ததை மூக்கே சொல்லிவிடும். பங்குக்கு அந்த வசதி இல்லை. அது நாறாது. இதுவே என் கண்டுபிடிப்பு; முனைவர் பட்டத்துக்கு இதற்கு மேல் கேட்பது அநியாயம்.

சான்றுக்கு சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2008 செப்டம்பரில் நிறுவன நிர்வாகச் சிறப்புக்கென்று கோல்டன் பீகாக் விருது வாங்கிய கம்பெனி அது. டிசம்பரில், தலைவரின் குடும்பக் கம்பெனியான மேட்டாஸை வாங்க முயன்ற விவகாரத்தில் லேசாக வாடை அடித்தபோது, மலிவாய்க் கிடைக்கிறதே என்று வாங்கியவர்களும் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று அந்தத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கெல்லாம் பொய் என்று கடிதம் எழுதினார். அன்றே முக்கால்வாசிக்கு மேல் விலை கரைந்தது. அப்போதும் விடாமல் வைத்திருந்தவர்களுக்கு 2013-இல், சத்யத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்ட டெக் மகிந்திராவின் பங்கு, 17-க்கு 2 என்ற கணக்கில் கிடைத்தது.

மறுபக்கம் இன்ஃபோசிஸ். 1993-இல் 95 ரூபாய்க்கு வெளியிட்டபோது முழுதாய் வாங்க ஆளில்லை. அன்று ஒரு பங்கு வாங்கிப் பீரோவில் போட்டு மறந்தவர் கையில், போனஸும் பிரிப்புமாக 2018-இல் 1,024 பங்கு இருந்தது.

இருவரும் செய்தது ஒன்றே: ஒன்றுமே செய்யவில்லை. பின்னவரை நீண்டகால முதலீட்டாளர் என்பார்கள். முன்னவரை என்ன சொல்வார்கள் என்பதை ஆய்வேட்டில் எழுத முடியாது.

காத்திருப்பின் நீளத்துக்கு இன்னொரு சான்று: 2000 மார்ச்சில் 5,000-ஐத் தாண்டிய அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு, விழுந்தபின் அந்த உயரத்தை மறுபடி பார்க்க 2015 ஆயிற்று. எத்தனை மூட்டை உப்புப் போட்டாலும் எந்தத் தோலும் தாங்காத காலம் அது.

மண்டிக்காரப் பெரியவர் ஒருவரிடம் கோட்பாட்டை விளக்கினேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “ஏறுச்சுன்னா வித்துருவோம் தம்பி. எறங்குச்சுன்னா பையனுக்குன்னு வெச்சுருவோம்.”

பையன் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறானாம். பங்குப் பக்கமே போவதில்லை. ஆம்பூர் ரோட்டில் மனை பார்த்துக்கொண்டிருக்கிறான்.