குக்கர் தந்த டாலர்

பட்டினப்பாலை 301 அடி. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகால் சோழன் பதினாறு லட்சம் பொன் கொடுத்ததாகக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. தமிழாசிரியர்கள் இதைச் சொல்லும்போது சோழனின் வள்ளன்மையை நினைத்துக் கண் கலங்குவார்கள். நான் நூல் மில்லில் கணக்கெழுதுகிறவன், வகுத்துப் பார்த்தேன். அடிக்கு 5,315 பொன், சில்லறை தனி. சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன் இன்னும் ஒரு படி மேல். கபிலர் பாடிய பத்துப் பாட்டுக்கு நூறாயிரம் காணம் கொடுத்துவிட்டு, நன்றா என்ற குன்றின்மேல் ஏறி நின்று, கண்ணுக்குத் தெரிந்த நாட்டையெல்லாம் கொடுத்தானாம். பதிற்றுப்பத்துப் பதிகத்தில் இருக்கிறது. இன்றைக்கு எங்கள் மதுரை ஆனைமலையில் ஏறி நின்றால் கண்ணுக்குத் தெரிகிற இடம் சென்ட் என்ன விலை போகிறது என்று புரோக்கர்களைக் கேட்டால், கபிலரின் வருமானம் புரியும்.

அதற்குப் பிறகு தமிழில் எழுதிப் பணம் பார்க்கும் தொழில் கொஞ்சம் மந்தப்பட்டுவிட்டது.

நான் வலைப்பூ எழுதத் தொடங்கிய காலத்தில் கரிகாலனும் இல்லை, விளம்பரமும் இல்லை. கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2003இலேயே வந்துவிட்டது. பிளாகர் என்ற இலவச மனையைக் கூகுள் வாங்கியதும் அதே ஆண்டுதான். ஆனால் ஆட்சென்ஸ் தமிழைத் தன் மொழிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது 2018இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் தமிழில் எழுதியவர்கள் தூய இலக்கியத் தொண்டர்களாக இருந்தோம். வேறு வழி இல்லாததால் வந்த தூய்மை அது. கைக்காசு போட்டு இணைய இணைப்பு வாங்கி, தூக்கத்தைக் கெடுத்து, மூக்குக் கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டு எழுதினோம். கூலி, ‘அருமை’ என்ற ஒரு சொல். அதைக் கொடுத்தால் அண்ணாச்சி கடையில் துவரம்பருப்பு நிறுக்கமாட்டார்கள்.

தமிழுக்கும் விளம்பரம் உண்டு என்ற செய்தி வந்த அன்று, வீட்டில் ஒரு சின்ன அறிக்கை வாசித்தேன். இனி இது பொழுதுபோக்கு அல்ல, தொழில். ஆகவே ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்னைக் காய் நறுக்கக் கூப்பிடக் கூடாது.

“ஏங்க, நீங்க எழுதுறதுக்கு எவன் காசு தருவான்?” என்றாள் மனைவி.

விளக்கினேன். ஒருவர் என் பக்கத்தைத் திறக்கிறார். அது திறந்து முடிவதற்குள் எங்கோ ஒரு கணினியில் ஏலம் நடக்கிறது. அந்த மனிதர் கண்ணில் தன் சரக்கு பட வேண்டும் என்று கம்பெனிகள் விலை கேட்கின்றன. ஏலத்தில் ஜெயித்தவனின் விளம்பரம் என் கட்டுரைக்குள் வந்து உட்காருகிறது. விளம்பரக்காரன் தருகிற பணத்தில் நூற்றுக்குச் சுமார் 68 எழுதியவனுக்கு. மீதி நடுவில் இருப்பவர்களுக்கு. மனைவி இதில் ஏலம், கணினி எல்லாவற்றையும் மறந்துவிட்டு 68 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாள். அது எனக்கு அப்போது தெரியாது.

திருமலை நாயக்கர் மகால் தூண்கள், கம்பராமாயணத்தில் உணவு, வைகையில் தண்ணீர் ஓடிய காலம் என்று கனமான விஷயங்களாக எழுதித் தள்ளினேன். படித்தவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். பிறகுதான் ஏல ரகசியம் தெரிந்தது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே விலை கிடையாது. கடன், காப்பீடு, முதலீடு என்ற சொற்கள் வருகிற பக்கத்துக்குக் கம்பெனிகள் கூடுதலாகக் கேட்கும். கம்பனுக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. உடனே ‘வீட்டுக்கடனை விரைவில் அடைக்கப் பத்து வழிகள்’ என்று எழுதினேன்.

மனைவி படித்துவிட்டு, “நல்லா இருக்கு. இதுல ஒரு வழியாச்சும் நமக்குச் சொல்லியிருக்கலாமே” என்றாள். எங்கள் வீட்டுக்கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, கடனால் வரும் துன்பத்தைப் பற்றி உருக்கமாக ஒன்று எழுதினேன். அதன் அடியிலேயே, ‘ஐந்து நிமிடத்தில் கடன்’ என்று ஒரு விளம்பரம் வந்து நின்றது. அன்று மாதக் கடைசி. நானே விசாரித்திருப்பேன். தன் பக்கத்து விளம்பரத்தைத் தானே தட்டக் கூடாது என்ற விதிதான் என்னைக் காப்பாற்றியது.

விளம்பரம் எழுத்தைப் பார்த்து மட்டும் வருவதில்லை, ஆளைப் பார்த்தும் வரும். திண்டுக்கல்லிலிருந்து மனைவியின் அண்ணன் வந்திருந்தார். வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் உட்கார்ந்து என் கட்டுரையைத் தன் போனில் திறந்தவர், “என்ன மாப்ளே, கம்பராமாயணத்துக்கு நடுவுல முடி வளர்ற எண்ணெய் விளம்பரம் போட்டிருக்கீங்க?” என்று சத்தமாகக் கேட்டார்.

“அது நான் போடுறதில்ல மச்சான். பாக்குறவங்க அவங்க போன்ல முன்னாடி எதைத் தேடினாங்களோ, அதையொட்டி அதுவா வரும்.”

கூடம் முழுவதும் மச்சானின் உச்சந்தலையைப் பார்த்தது. அன்று முதல் அவர் கம்பராமாயணம் படிப்பதை விட்டுவிட்டார்.

விருதுநகர் சித்தப்பா நேர் எதிர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் முழுமையாகச் செய்பவர். விளம்பரத்தைத் தட்டினால் எனக்குக் காசு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “டேய் தம்பி, ஒண்ணு விடாம தட்டிட்டேன்டா. நடைபயிற்சிக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்” என்று போன் செய்தார். எனக்கு வேர்த்துவிட்டது. சொந்தக்காரர்களை வைத்துத் தட்டச் செய்வதும் விதிப்படி குற்றம். கணக்கை முடக்கி, சேர்ந்த பணத்தையும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். என் எழுத்தை இவ்வளவு ஊக்கமாக ஆதரித்த முதல் மனிதரிடம், தயவுசெய்து ஆதரவை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். “நல்லது செஞ்சா இந்தக் காலத்துல பிடிக்க மாட்டேங்குது” என்று போனை வைத்தார். பொங்கலுக்கு அழைப்பு வரவில்லை.

இந்தத் தொழில் உறவுகளைப் பார்க்கும் பார்வையையே மாற்றிவிடுகிறது. வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விலை கூடும், குறையும். சிங்கப்பூரிலும் கனடாவிலும் உள்ள விளம்பரக்காரர்கள் நம்மூர்க்காரர்களைவிடத் தாராளமாக ஏலம் கேட்பார்கள். டொராண்டோவில் ஒருவர் படித்தால், செல்லூரில் ஒரு தெருவே படித்ததற்குச் சமம். அதுவரை யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. இப்போது ஒன்றுவிட்ட அத்தை பேரன் வரைக்கும் விசாரித்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, கூடவே கட்டுரையையும் அனுப்பினேன். உள்ளூர் உறவினர்களுக்கு அனுப்புவது குறைந்தது. அவர்கள் மனம் வருந்தியதாகத் தகவல் இல்லை.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் நம் முகவரியைச் சரிபார்க்க அஞ்சலில் ஓர் இரகசிய எண் வரும். எனக்கும் வந்தது. தபால்காரரிடம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வெளிநாட்டு உறையைப் பார்த்ததும் அடுப்படியிலிருந்து மனைவியும் வந்துவிட்டாள்.

“உள்ள எவ்வளவு இருக்கு?”

“நம்பர் இருக்கு.”

“அதான், எவ்வளவு?”

உறையை உதறியும் காட்டினேன். பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும் என்றேன். என் தூண்களும் வைகையும் போகிற வேகத்தில், அதற்குள் எனக்குப் பணி ஓய்வே வந்துவிடும் என்று அவள் மனக்கணக்காகச் சொன்னாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆகவே பக்கவாட்டு வழிகளில் இறங்கினேன். பொருளைப் பரிந்துரைத்து, இணைய அங்காடியின் இணைப்பைக் கொடுத்தால், அதன் வழியாக விற்பதில் கழிவு உண்டு. ஒரு மிக்ஸியைப் புகழ்ந்து எழுதினேன். விற்றது ஒன்றே ஒன்று. படித்து மயங்கி வாங்கியது என் மனைவி. சொந்த வீட்டுக்கு வாங்கினால் கழிவு கிடையாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. ஆக, என் எழுத்தின் ஆற்றல் நிரூபணமானது. செலவும் என்னுடையதே ஆனது.

பிறகு கட்டுரைகளைத் தொகுத்து மின்னூலாக்கினேன். கிண்டில் 2016 முதல் தமிழை ஏற்கிறது. அச்சகமும் வேண்டாம், பரணில் கட்டும் சேராது. ஆனால் சந்தா கட்டி இரவலாகப் படிப்பவர்கள் வகையில், எடுத்த புத்தகத்துக்குக் காசு இல்லை, படித்த பக்கத்துக்குத்தான் காசு. புத்தகத்தை ஆசையாக எடுத்துப் படிக்காமல் வைப்பது தமிழ் வாசகரின் பிறப்புரிமை. அந்த உரிமையின்மேல் கை வைத்துப் பிழைக்க முடியுமா? என் நூலை எடுத்த ஒருவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதைப் பக்க எண்ணிக்கை காட்டிக் கொடுத்தது. என்னுரைகூட முடிந்திருக்கவில்லை.

எழுத விஷயம் தீர்ந்து, முகட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு காலை, குக்கர் விசில் அடிப்பதற்குப் பதிலாகத் தண்ணீரைக் கக்கியது. மனைவி இறக்கி வைத்து, காஸ்கெட்டைக் கழற்றிக் கழுவி, கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து மாட்டினாள். ஆவி போகிற துளையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தாள். “பருப்பு நுரைச்சுப் பொங்கும், அதனால பாதிக்கு மேல ரொப்பக் கூடாது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டா நுரை அடங்கும். காஸ்கெட் வெடிச்சிருந்தா யோசிக்காம மாத்திரணும்” என்று, யாரும் கேட்காமலே, சுவரைப் பார்த்துச் சொன்னாள். வேறு எதுவும் கிடைக்காததால் அதை அப்படியே எழுதி, ‘குக்கரில் தண்ணீர் வெளியே வருகிறதா?’ என்று தலைப்பிட்டுப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

தமிழ் கூறும் நல்லுலகில் அத்தனை குக்கர்கள் கக்கிக்கொண்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. மதுரை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், துபாய், டொராண்டோ என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்றைக்கும் வருகிறார்கள். கம்பன் ஒரு வருடத்தில் கூட்டாத கூட்டத்தைக் காஸ்கெட் ஒரு வாரத்தில் கூட்டியது. 100 டாலரும் சேர்ந்தது.

வங்கிக்குப் போனேன். வெளிநாட்டுப் பணம் வந்து சேர ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும்.

“ஸ்விஃப்ட்டா? கார் லோன் மாடியில சார்.”

எல்லாக் கிளைக்கும் அந்தக் குறியீடு இருக்காது, பெரிய கிளையின் குறியீட்டைத்தான் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் விவரம் தெரிந்த ஓர் அம்மையார் சொன்னார். எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் வந்து விழுந்தது. இனிப்போடு வீட்டுக்குப் போனேன்.

மனைவி இனிப்பை வாங்கி வைத்துவிட்டு, தயாராக இருந்தவளாகக் கேட்டாள்: “விளம்பரக் காசுல 68 எழுதினவங்களுக்கு, மிச்சம் நடுவுல நிக்கிறவங்களுக்குன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா.”

“குக்கர் விஷயம் யாரோடது?”

“உன்னோடது.”

“அப்ப நீங்க நடுவுல நிக்கிறவங்க. 32 எடுத்துக்கங்க.”

மறுக்க வழியில்லாத கணக்கு. என் பங்காக இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிடைத்தது. அதில் இணைய முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் போயிற்று. முதுகுவலிக்கு வாங்கிய நாற்காலியின் தவணை போயிற்று. வருமான வரிப் படிவத்தில் ‘வெளிநாட்டிலிருந்து வருவாய்’ என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் வேலை கொஞ்சம் அதிகம் என்று ஆடிட்டர் தன் கட்டணத்தை ஏற்றினார். எல்லாம் போக, கரிகாலனிடம் நானும் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆனாலும் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வலைப்பூ வருமானம் தருமா என்றால், தரும். நாம் சொல்ல ஆசைப்படுவதைப் படிக்க வருகிறவர் நண்பர். அவர் வந்தால் காப்பிச் செலவு நமக்கு. தன் அடுப்பு, தன் கடன், தன் முழங்கால் வலி என்று விடை தேடி நடுராத்திரியில் வருகிறவர்தான் வாடிக்கையாளர். அவருக்கு வேண்டிய விடை பெரும்பாலும் எழுதுகிறவரிடம் இருக்காது; அதே வீட்டில் எழுதாமல் வேலை செய்துகொண்டிருக்கிறவரிடம் இருக்கும்.

எனவே இத்தொழிலில் இறங்க நினைக்கும் குடும்பஸ்தர்களுக்கு என் விண்ணப்பம்: பார்க்கிற வேலையை விடாதீர்கள். முதல் கட்டுரைக்கு முன்னால் அடுப்படிக்குப் போய்ப் பத்து நிமிடம் காது கொடுத்து நில்லுங்கள். பங்கு எவ்வளவு என்பதை அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். எண்ணை மட்டும் நீங்களாக வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். இதைப் படிக்கும்போது நடுவில் விளம்பரம் ஏதாவது தெரிந்தால், அதைத் தட்டுங்கள் என்று கேட்க விதி இடம் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.